பழைய கேசட்டில் காத்திருந்தவன்

மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்துவர வாசல் நடைக்குப் போய்த் திரும்பிய இரண்டு நிமிடத்துக்குள், சயோகோவின் ஸ்வெட்டர் பையில் மூடிக் கிடந்த வீடியோ கேம் கைக்கருவியில் பச்சை விளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

அந்த விளக்கு தானாக எரியாது. அதே கருவியைப் பையில் வைத்துக்கொண்டு இன்னொருவர் பக்கத்தில் கடந்துபோனால், இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, அவருடைய ஆட்டத்து ஆள் இவளுடைய ஆட்டத்துக்குள் விருந்தாளியாக வந்து சேர்வான். அப்போது எரியும். டோக்கியோ ரயிலில் என்றால் நிமிடத்துக்கு ஒருதரம் எரிந்து தொலைக்கும். இது நாகஓகா நகரத்தையும் தாண்டி, பஸ் நின்று மூச்சு வாங்கும் மலையடிவாரத்துத் தெரு. நாலு நாளாகக் கொட்டுகிற பனியில் காலையிலிருந்து ஒரு ஈ காக்கை கூட அந்தப் பக்கம் போகவில்லை. ஜன்னல்களுக்கு வெளியே பனி அழுத்தாமலிருக்கப் பலகை அடித்திருந்ததால், பகல் பதினொன்றரை மணிக்கும் வீட்டுக்குள் சாயங்காலம்தான். பலகை இடுக்கு வழியாகக் கோடு கோடாக வந்த வெளிச்சமும் பனியின் நீலம் பூசியதாகவே இருந்தது.

எவனோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை குறுக்கு வழியில் ஓடியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். சந்தோஷம்கூட வந்தது. விருந்தாளி ஒருவனாவது கிடைத்தானே, பக்கம் நிறையும்.

முந்தின நாள்தான் அதற்காக ஹொசாக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். வீடியோ கேம் வழிகாட்டிப் புத்தகங்கள் போடும் சின்னப் பதிப்பகத்தின் ஆசிரியர் அவர். "ஆறு மணிகளின் நாடு" என்று ஒரு பழைய ஆட்டம், இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நாட்டையே டிவி முன்னால் உட்கார வைத்தது, இப்போது கைக்கருவிக்காகப் புதிதாகச் செய்து வெளிவந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆடி, எது மாறியிருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதித் தர வேண்டும். அதுதான் சயோகோவின் வேலை.

"என்னம்மா கஜாமா, பனிக்குள்ள உசுரோட இருக்கியா?" என்று அவள் குடும்பப் பெயரைச் சொல்லிப் போனில் கேட்டார்.

"இருக்கேன் சார். எல்லாம் வருது, விருந்தாளி பக்கத்துக்குத்தான் படம் இல்ல. இங்க யாரு கடந்து போறா? பனிதான் போகுது."

"ஸ்டேஷன்ல போய் நில்லும்மா."

"அங்க நிக்கறது ஸ்டேஷன் மாஸ்டர் ஒருத்தர்தான். அவருக்கு அறுபத்தெட்டு வயசு."

"சரி சரி, எப்படியாவது பிடி. நாப்பது வயசுக்காரன் இந்தப் புத்தகத்த எதுக்கு வாங்கறான்? நான் விட்டுட்டு வந்தது இன்னும் அங்கேயே இருக்கான்னு பாக்கத்தான். அத அவனுக்குக் காட்டிடு."

பழைய ஆட்டம் புது டிவியில் வராது. பழைய பெட்டி டிவி அம்மா வீட்டில்தான் இருந்தது, அதற்காகவே டோக்கியோவிலிருந்து வந்திருந்தாள். போன கோடையோடு அதில் சேனல்கள் எல்லாம் நின்றுவிட்டன. அம்மா அதன் தலையில் ஒரு துணியைப் போட்டு பூச்சாடி வைத்திருந்தாள். பூச்சாடியை இறக்கி, பரணிலிருந்து ஆட்டப்பெட்டியையும் கேசட்டையும் தேடியெடுத்து, தூசி ஊதிச் சொருகி, கொதாட்சுவுக்குள் கால் நீட்டி உட்கார்ந்தாள். நாலு பக்கமும் மெத்தைப் போர்வை தொங்கும் குட்டை மேசை அது, அடியில் சூடேற்றி எரியும். அந்த ஊரில் குளிர்காலம் முழுக்கக் குடும்பமே இடுப்புக்குக் கீழே அதற்குள்தான் வாழும்.

அன்று காலை முழங்கால் வைத்தியத்துக்குப் புறப்பட்ட அம்மா, காலணி மாட்டிக்கொண்டே கேசட்டைப் பார்த்துவிட்டாள். அதன் முதுகில் மார்க்கர் பேனாவில் கோணல்மாணலாக இரண்டு பெயர்கள். அக்காள் பெயர் பெரிதாக, தம்பி பெயர் இடமில்லாமல் ஓரத்தில் நசுங்கி.

"அத நீ இன்னும் தூக்கிப் போடலையாடி?"

"பரண்லதான் கெடந்துச்சு. வேலைக்கு வேணும்மா."

அம்மா இன்னொரு காலணியையும் மாட்டினாள். பிறகு, "ஒன்றரை மணிக்கு நம்ம தெருவுக்குத் தண்ணி விடுவான். நான் வர நேரமானா நீ பாட்டுக்கு வாசல் இரும்பு மூடிய தொறந்துடாத. வந்து நான் பாத்துக்கறேன். சரி, போயிட்டு வர்றேன்."

"போயிட்டு வா."

கதவு இழுபடும் சத்தம். பூட்டும் சத்தம் இல்லை. அந்த வீட்டு வாசலை அம்மா பூட்டுவதே கிடையாது. வெளியே போகும்போதும் சரி, தூங்கும்போதும் சரி. கிராமத்துப் பழக்கம் என்றே சயோகோ நினைத்திருந்தாள்.

கேசட்டுக்குள் இருக்கும் பேட்டரி இவ்வளவு வருடத்தில் செத்திருக்கும், சேமித்து வைத்த ஆட்டம் அழிந்திருக்கும் என்றுதான் எண்ணியிருந்தாள். அழியவில்லை. மூன்று ஒலிகளை மட்டும் வைத்துக்கொண்டு தகரத்தில் தட்டுவதுபோல அந்தப் பழைய இசை எழுந்தபோது அவளுக்கு நெஞ்சு பக்கென்றது. பனிக்கிராமத்துச் சத்திரம். கல்லாப் பலகைக்கு முன்னால் அவளுடைய வீரன். அடுப்போரம், கட்டம் கட்டமான நீலச் சட்டையில், ஒரு குட்டி உருவம். பெயர் தெப்பெய்.

பழைய ஆட்டத்தில் ஒரே நேரத்தில் மூன்று பேரைத்தான் கூட்டிக்கொண்டு போகலாம். நாலாவது ஆளைச் சத்திரத்தில் விட்டுவிட வேண்டும். கல்லாவில் இருக்கும் மணியை அடித்துக் கூப்பிடும்வரை அவன் அடுப்போரமே நிற்பான். பலசாலிகளை வைத்துக்கொண்டு சொத்தையை விட்டுவிடுவது எல்லாப் பிள்ளைகளும் செய்கிற காரியம். சயோகோ விட்டது தம்பி பெயர் வைத்தவனை. "அவன் மருந்து எல்லாத்தையும் தின்னுத் தீர்த்துடறான்" என்று நியாயமும் சொன்னாள்.

நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு போட்டு எழுதிக்கொண்டே வந்தாள். பழையதில் வரைபடம் கிடையாது, புதியதில் போக வேண்டிய இடம் மின்னும். பழையதில் அணைக்கும்போது ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்க மறந்தால் எல்லாம் போச்சு, புதியது தானே சேமித்துக்கொள்ளும். பழையதில் காத்திருப்பவர் கூப்பிடும்வரை நகரமாட்டார். புதியதில் எல்லோரும் வண்டியில் கூடவே வருவார்கள், யாரையும் எங்கேயும் விட்டுவிட்டுப் போகவே முடியாது.

கடைசி வரியை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அப்போதுதான் எழுந்து மண்ணெண்ணெய் எடுக்கப் போனாள். வரும்போது பச்சை விளக்கு.

கருவியைத் திறந்தாள். புதிய ஆட்டத்தின் சத்திரம் அழகாக இருந்தது, அடுப்பில் தீ நிஜம்போலவே ஆடியது. விருந்தாளிகள் கதவுக்கு வெளியே வந்து நிற்பார்கள், நாம் உள்ளே அழைக்க வேண்டும். கதவுக்கு வெளியே, விழும் பனியில், ஒரு சின்னப் பையன் நின்றான். அவனுடைய விவரச் சீட்டைத் திறந்தாள்.

பெயர்: தெப்பெய். வயது: 7. ஊர்: எழுதவில்லை. சந்தித்த முறை: 1. வணக்கச் சொல்: இன்னும் கூப்பிடல.

உள்ளே அழைக்கவா? ஆம். அப்புறம்.

தெப்பெய் என்ற பெயரில் ஜப்பானில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஏழு வயதிலும் நூறு பேராவது இருப்பார்கள். இதைத் தனக்குத்தானே வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன குரல் அந்த இருட்டு அறையில் வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "அப்புறம்" என்பதை அழுத்திவிட்டுக் கருவியை மூடினாள்.

கூரையிலிருந்து பனிப்பாளம் ஒன்று சரிந்து பொத்தென்று விழுந்தது. கெட்டில் முனகியது. மண்ணெண்ணெய் வாசனையோடு, இவ்வளவு நேரம் இல்லாத இன்னொரு வாசனையும் வந்தது. நனைந்த கம்பளியின் வாசனை. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளின் கையுறைகளை அடுப்பின்மேல் காயப்போட்டால் வருமே, அது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சயோகோவின் நெஞ்சுக்குக் குறுகுறுக்க இருபத்துமூன்று வருடத்துச் சரக்கு இருந்தது. ஆனாலும் அவள் தொழில் அப்படி. ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். கருவியை மூடியபடியே பையில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனாள், பின்கட்டுக்குப் போனாள், மாடிப்படி ஏறி இறங்கினாள். விளக்கு எரியவில்லை. கடைசியாக வாசல் நடைக்குப் போனாள்.

கண்ணாடி பதித்த இழுப்புக் கதவுக்கு இரண்டடி முன்னால் நின்றபோது விளக்கு எரிந்தது.

கண்ணாடி பனி படிந்து வெள்ளையாக இருந்தது. அதன் கீழ்ப்பாதியில், அவள் இடுப்பு உயரத்தில், ஒரு இடம் மட்டும் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. பனித்தூணின் நிழலாகவும் இருக்கலாம். அவள் நகர்ந்து பார்க்கவில்லை. அங்கேயே நின்று கருவியைத் திறந்தாள்.

சந்தித்த முறை: 2. வணக்கச் சொல்: வெளிய குளிருது.

அப்புறம்.

ஏதோ ஒரு வேகத்தில் அவள் கை கதவின் கொக்கிக்குப் போயிற்று. இரும்பு தொட்டதும் குளிரில் விரல் சுட்டது. அந்தச் சூட்டில் எல்லாம் திரும்பி வந்தது.

அன்றும் இதே கொக்கி. அவளுக்குப் பதினொன்று. அப்பா வெளியூரில், அம்மா அரிசி அப்பள ஆலையில், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவள். அவன், "அக்கா, இப்ப என் முறை" என்று கண்ட்ரோலருக்குக் கை நீட்டிக்கொண்டே இருந்தான். அரைமணி நேரம் பொறுத்தாள். பிறகு, "வெளிய போய் நூறு எண்ணு. நூறு வந்ததும் கூப்பிடறேன். நான் கூப்பிடற வரைக்கும் உள்ள வரக்கூடாது" என்றாள். நூறு வரை எண்ண அவனுக்குத் தெரியாது, அறுபத்தொன்பதுக்கு அப்புறம் மறுபடி முப்பதுக்குப் போய்விடுவான். அது தெரிந்துதான் சொன்னாள். இரண்டு தரம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். மூன்றாவது தரம் திறக்க முடியாதபடி கொக்கியைப் போட்டாள். தட்டினான். மெதுவாக, மூன்று தட்டு. அவள் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்குத் தண்ணீர் விட்டார்கள். அந்த ஊர்ச் சாலைகளுக்கு அடியில் ஓர் ஓடை ஓடும். நேரம் வைத்துத் தண்ணீர் திறப்பார்கள், ஒவ்வொரு வீட்டாரும் இரும்பு மூடியைத் திறந்து வாசல் பனியை அதற்குள் தள்ளிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்க உள்ளே போயிருந்தார். தெப்பெயைச் சாயங்காலம் தெருக் கடைசியில், ஓடைக்குள் பனிக்கட்டியைத் தடுக்கும் கம்பிகளில் கண்டுபிடித்தார்கள்.

"சொல்லாம கொள்ளாம வெளிய போயிட்டான்" என்று சயோகோ சொன்னாள். இன்றுவரை அதுதான் கதை.

கொக்கியை விட்டுவிட்டாள். மறுபடியும் அதைப் போட அவளால் முடியாது. திரும்பி நடந்தாள், நடந்தாளா ஓடினாளா, கொதாட்சுவுக்குள் காலை நுழைத்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

டிவியில் பழைய சத்திரம் அப்படியே இருந்தது. கல்லா. மணி. வீரன். அடுப்பு.

அடுப்போரம் யாரும் இல்லை.

குட்டி நீல உருவம் கதவுக்குப் பக்கத்தில் நின்றது. முதுகு காட்டி. பழைய ஆட்டத்தில் காத்திருப்பவர் நகரமாட்டார் என்று அவள் கையாலேயே எழுதிய வரி நோட்டில் இருந்தது. எட்டி மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

பையில் பச்சை.

இந்த முறை அவள் வாசலுக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். எரிந்தது. கருவியைத் திறந்தாள்.

சந்தித்த முறை: 3. வணக்கச் சொல்: நூறு வரைக்கும் எண்ணிட்டேன் அக்கா.

உள்ளே அழைக்கவா? ஆம். அப்புறம்.

அவள் அழுதாள். அது வெறும் பயத்தால் வந்த அழுகை இல்லை. "எப்ப கத்துக்கிட்ட?" என்று கேட்கக்கூட வாய் வந்தது. ஆனால் கட்டைவிரல் "ஆம்" பக்கம் போகவில்லை. பதினொரு வயதில் என்ன செய்ததோ அதையே செய்தது. அப்புறம். கருவியைத் தலையணைக்குள் சுருட்டி, துணி அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் திணித்து, அலமாரிக் கதவை இழுத்து மூடினாள். கூப்பிடாவிட்டால் வரமாட்டான். அவ்வளவு நல்ல பிள்ளை அவன். இத்தனை வருடம் பூட்டாத கதவுக்கு வெளியே நின்றவன், இன்னும் ஒரு மணி நேரம் நிற்கமாட்டானா? அம்மா வந்துவிட்டால் போதும். பெட்டியைக் கட்டிக்கொண்டு முதல் ரயிலில் டோக்கியோ போய்விடலாம். கூப்பிடாமல் இருந்தால் போதும்.

கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வாயே திறப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தாள். நேரம் போனது. ஊர் ஒலிபெருக்கியில் மணியோசையும், அதன் பின்னால் ஒரு பெண் குரலும் கேட்டன. மூன்றாம் தெருவுக்குத் தண்ணீர் திறக்கப்படுகிறது, மூடியைத் திறப்பவர்கள் கவனமாக இருக்கவும். சற்று நேரத்தில் தரைக்கு அடியில் எங்கோ தண்ணீர் உறுமிக்கொண்டு வந்தது. தெரு முழுக்க நிறைந்து ஓடியது.

வாசல் கதவு இழுபட்டது. காலணியிலிருந்து பனியைத் தட்டும் சத்தம்.

"வந்துட்டேன்."

அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியில், அந்த நாட்டில் பிறந்த எவருக்கும் தூக்கத்தில்கூடத் தவறாத பதில், பிறந்ததிலிருந்து லட்சம் தரம் சொன்ன பதில், யோசனையைக் கேட்காமல் வாய் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"வந்தியா, உள்ள வா."

சொல்லி முடித்த பிறகுதான் 'வந்துட்டேன்' என்ற அந்தக் குரல் காதில் தங்கியிருப்பது அவளுக்கு உறைத்தது. மெல்லிய குரல். முன்பல் இல்லாத குரல்.

மேசைமேல் அவளுடைய போன் அதிர்ந்தது.

"சயோ, அம்மாதான். ஆஸ்பத்திரிலேருந்து பேசறேன். பஸ் இன்னும் வரல. தண்ணி விட்டானா? மூடிய தொறக்கலையே நீ?"

நடையில் மரத்தளம் கிறீச்சிட்டது. ஈரப் பாதம் ஒன்று. இன்னொன்று.

"அம்மா." போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அம்மா, அன்னிக்கு... அவன் சொல்லாம போகல. நான்தான் போகச் சொன்னேன். நான்தான் கொக்கியப் போட்டேன்."



"தெரியும்டி," என்றாள் அம்மா. "நான் வேலவிட்டு வந்தப்ப கதவு உள்ள பூட்டியிருந்துச்சே. நீதான வந்து தொறந்த? அவன் தானா வெளிய போயிருந்தா, உள்ளேருந்து யாரு கொக்கி போட்டா?" மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீயும் சின்னப் புள்ள. என்னன்னு கேக்கறது? அதான் அன்னிலேருந்து அந்தக் கதவ நான் பூட்டறதே இல்ல. என்னிக்காவது வந்தா, அவன் தட்ட வேணாம் பாரு."

அறைக் கதவு ஒரு சாண் திறந்தது. இடுக்கில் யாரும் தெரியவில்லை. தரையில் நீர் மட்டும். உள்ளே வந்தது. பாய்மேல் கறுத்தது. மேசையைச் சுற்றி, அவளுக்கு நேர் எதிர்ப்பக்கம் போய் நின்றது.

"சயோ? கேக்குதாடி?"

எதிர்ப்பக்கத்துப் போர்வை மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. யாரோ கால் நீட்டி உட்காருவதுபோல.

கீழே, சூட்டுக்குள், ஒரு கால் அவள் கெண்டைக்காலைத் தொட்டது. பனிக்கட்டி. சின்னது. வெளியே நின்று வந்தவர்கள் சூடு தேடி வைப்பதுபோல அதை அங்கேயே ஒட்டி வைத்துக்கொண்டது. பிறகு இன்னொரு கால்.

"சயோ!"

போன் கையிலிருந்து நழுவியது. மின்கம்பி பிடுங்கிய டிவியில் புள்ளி ஒன்று தோன்றியது. விரிந்தது. தகரத்தில் தட்டும் அந்த இசை.

மேசைக்கு மேலே, எதிர்ப்பக்கத்துப் போர்வை விளிம்பிலிருந்து, ஒரு கை வந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய குட்டிக் கை. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. கண்ட்ரோலருக்காக நீட்டியபடி, அசையாமல், கொஞ்சமும் அவசரப்படாமல், அங்கேயே இருந்தது.